சேதம் ஏதும் இல்லை

ஆஸ்வினை எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். கணக்குப் பரீட்சையில் முன்பெஞ்சுப் பையனின் பேப்பரைப் பார்த்து, அவன் செய்த தப்பையும் சேர்த்து அப்படியே எழுதி வைத்தவன். இப்போது முப்பத்தைந்து வயது, இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறவர்களில் பாதிப் பேரின் சட்டைப்பையில் அவன் விசிட்டிங் கார்டு இருக்கும். அவன் என் கடைக்குள் வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. காரியம் இல்லாமல் அவ்வளவு பல் வெளியே வராது.

கூப்பிட்டது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு பெரிய பட்டுக்கடை வாரத்துக்கு அறுபது சேலை பாலிஷ் போட எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, அவர்கள் சேலை எங்கள் கடையில் இருக்கிற நாட்களுக்கு இன்சூரன்ஸ் வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் பாலிசியைக் காட்ட வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் கடையை இன்னும் ஒரு வருடம் இழுப்பதே கஷ்டம். இந்தக் காலத்துப் பெண்கள் பட்டுக் கட்டுவதே கல்யாணத்துக்குக் கல்யாணம்தான்.

கடை ராயப்பேட்டையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. 'பிலிப் சாரி பாலிஷ்'. என் கணவர் பிலிப் ஆரம்பித்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, நான் டீச்சர் வேலையை விட்டுவிட்டு கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். ரோலிங் மிஷினுக்கு வேலு. மற்ற எல்லாவற்றுக்கும் நஸ்ருன்னிசா. கறை எடுப்பது, கஞ்சி போடுவது, டோக்கன் கட்டுவது, கடைசியாகச் சரிபார்த்துப் பையில் போடுவது எல்லாம் அவள்தான். பிலிப் காலத்திலிருந்து இருபது வருடமாக இருக்கிறாள். காலையில் ஷட்டரைத் திறப்பதும் அவள். இரண்டாவது சாவி அவளிடம்தான் இருந்தது.

ஆனால் சேலையை வாங்கும்போதும், பாலிஷ் முடிந்து பைக்குப் போகும் முன்னும் நான் ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிடுவேன். யாரையும் நம்பிப் பழக்கமில்லை. இருபத்தெட்டு வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவளுக்கு அது தொழில் வியாதி.

"கடைக்கு என்னென்ன கவர் தேவைன்னு பார்ப்போம் டீச்சர்," என்று ஆஸ்வின் ஃபாரத்தை விரித்தான்.

"எனக்கு எது தேவைன்னு நான் சொல்றேன். எதுல உனக்குக் கமிஷன் ஜாஸ்தின்னு நீ சொல்லு. ரெண்டையும் வச்சுப் பார்ப்போம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தீ விபத்துக்குப் போடச் சொன்னேன். மிஷின் சூடு அப்படி. மழைத் தண்ணீருக்கும் சரி என்றேன், ஒரு டிசம்பரில் மூன்றாவது படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் பிறகு அவன், கடைச் சரக்குக்குப் போடுகிற பாலிசியில் வாடிக்கையாளர் சேலை வராது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றான்.

"என்னடா இது? என் கடையில என் சொத்துன்னு இருக்கறது ரெண்டு மிஷினும் ஒரு மாதா படமும்தான். மத்ததெல்லாம் ஊரார் சேலை. அதுக்கு வராதுன்னா எதுக்கு வரும்?"

"அதான் டீச்சர் சொல்றேன், தனியா எழுதணும். தி.நகர்காரங்க கேக்கறதே அதைத்தான்."

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்தது திருட்டு. பூட்டை உடைத்து, ஷட்டரை நெம்பித் திருடினால் மட்டும்தான் பணம் வருமாம்.

"சாவி போட்டுத் திறந்து எடுத்துக்கினு போனா?"

"அதுக்கு இந்தக் கவர் வராது." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

ஆறடி தள்ளி நஸ்ருன்னிசா டோக்கன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபிடிலிட்டின்னு ஒண்ணு இருக்கு டீச்சர். வேலை செய்யறவங்களே எடுத்துட்டா அதுல கிளெய்ம் பண்ணலாம். ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி, அவங்களால அதிகபட்சம் எவ்வளவு நஷ்டம் வரும்னு ஒரு தொகை போடணும். அவங்க கையெழுத்தும் வேணும்."

நஸ்ருன்னிசாவின் கை ஒரு நொடி நின்று பிறகு மறுபடி ஓடியது. அவள் பெயருக்கு நேரே எவ்வளவு போடுவது என்று என் மனசு தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. கணக்கை நிறுத்தவும் முடியவில்லை.

"அதை அப்புறம் பாக்கலாம். அடுத்தது என்ன?"

"கடந்த அஞ்சு வருஷத்துல ஏற்பட்ட இழப்பு, சேதம்."

"இல்லை. சேதம் ஏதும் இல்லைன்னு எழுது. ஒரு சேலை காணாமப் போனதில்ல, ஒரு சேலை கிழிஞ்சதில்ல." பெருமையாகவே சொன்னேன்.

ஆஸ்வின் பேனாவை வைத்துவிட்டான். "டீச்சர், ஒரு நாளைக்குப் பத்துப் பட்டு கை மாறுது. அஞ்சு வருஷத்துல ஒண்ணுகூட இல்லைன்னா, கம்பெனிலேர்ந்து செக் பண்ண வர்ற சர்வேயர் நம்ப மாட்டாரு. ஒண்ணு, நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைப்பாரு. இல்ல, உங்ககிட்ட யாரோ பொய் சொல்றாங்கன்னு நினைப்பாரு."

அதை அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எழுதவும் எழுதினான். 'சேதம் ஏதும் இல்லை.' சனிக்கிழமை வந்து ஃபாரத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால்?

அது செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து என் கண் நஸ்ருன்னிசாவை விட்டு நகரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் நல்லது எதுவும் கண்ணில் படாது. அவள் மதியம் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாள், குறித்துக்கொண்டேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசினாள், அதையும் குறித்துக்கொண்டேன். புதன்கிழமை பழைய டோக்கன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். நான் தேடியது கிடைத்தது. மூன்று மாதத்தில் ஒரு சேலையோ, நாலு மாதத்தில் ஒன்றோ, சொன்ன நாளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் போயிருந்தது. எல்லாமே விலை உயர்ந்த பட்டு. எல்லாவற்றிலும் நஸ்ருன்னிசாவின் கையெழுத்தில் 'நாளை' என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். டோக்கன் இருநூற்றுப் பதினான்கு, அரக்குப் பட்டு.

"இன்னும் காயலை மாமி, சனிக்கிழமை குடுத்துடறேன்," என்றாள் நஸ்ருன்னிசா.

"போன தடவையும் இதையேதான் சொன்னே. எங்காத்துல ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். கட்டிண்டு போக வேண்டாமா?"

மாமி முணுமுணுத்துக்கொண்டே போனார். ரோலிங் முடிந்த சேலைக்கு மூன்று நாள் காய என்ன இருக்கிறது? நஸ்ருன்னிசா சாப்பிடப் போனதும் அலமாரியில் தேடினேன். இருநூற்றுப் பதின்மூன்று இருந்தது. இருநூற்றுப் பதினைந்து இருந்தது. அரக்குப் பட்டைக் காணோம்.

எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாமல் இந்தக் கடையை ஒரு வாரம் நடத்த எனக்குத் தெரியாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண்டுபிடித்துவிட்டேன் என்ற குரூரமான திருப்தி. இரண்டுமே இருந்தன, பொய் சொல்வானேன்.

மாலை ஆறு மணிக்கு அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். காலையில் வந்தபோது இருந்ததைவிடப் பை பருமனாக இருந்தது.

"நஸ்ரு, பையைத் திற."

வேலு மிஷினை நிறுத்தினான். "இன்னா டீச்சர் இது? இன்னா ஆச்சு?"

"நீ சும்மா இரு. திற நஸ்ரு."

அவள் திறக்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானே அவள் தோளிலிருந்து பையை இழுத்து ஜிப்பைத் திறந்தேன். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அடியில் செய்தித்தாளில் மடித்த அரக்குப் பட்டு. வாசலில் பெட்டிக்கடைக்காரர் உட்பட நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"ஏழு வருஷமா, டீச்சர்."

அவ்வளவு நேரான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. போலீஸ் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வூட்டுக்கு வாங்க டீச்சர். வந்து பாத்துட்டு அப்பால யாரை வேணா கூப்புடுங்க."

அவள் வீடு மீர்சாகிப்பேட்டையில், நடந்தால் பத்து நிமிடம். அவள் முன்னால் நடந்தாள். நான் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். இருபது வருடச் சோறு, நம்பிக்கைத் துரோகம், எல்லா வசனமும் தயாராக இருந்தது.

மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் விளக்கடியில் அவள் கணவர் ஷாஹுல் ஹமீது ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் பைக் மோதி அந்தக் கால் மடங்காமல் போய்விட்டது, வேலையும் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் முகம் மலர, கஷ்டப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க வாங்க டீச்சர்! நீங்களே எடுத்துக்கினு வந்துட்டீங்களா? நஸ்ரு, டீ போடும்மா."

என் கையிலிருந்த சேலையை அவர் உரிமையோடு வாங்கி, விளக்கடியில் விரித்து, முந்தானை ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே பட்டாணி அளவுக்கு நூல் அறுந்து வாயைப் பிளந்திருந்தது. அவர் ஊசியை எடுத்தார். சேலையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, அறுந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்க ஆரம்பித்தார். ரஃபூ. கிழிந்த இடம் தெரியாமல் நூலுக்கு நூல் நெய்கிற வேலை. திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தாராம்.

"நீங்க அனுப்பற வேலைதான் டீச்சர் எனக்கு உசுரு மாரி. ஒவ்வொரு சேலைக்கும் முந்நூறு ரூவா தவறாம குடுத்து வுடறீங்க. படுத்துக் கெடந்தவன் கைக்கு ஒரு வேலை. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்."

நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அடுப்படியிலிருந்து நஸ்ருன்னிசா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். அவள் சம்பளத்திலிருந்து எடுத்து, டீச்சர் கொடுத்தார் என்று சொல்லித் தன் புருஷனுக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒத்திகை பார்த்த வசனம் எதற்கும் அங்கே வேலை இல்லை.

அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, ஒவ்வொரு சேலையிலிருந்தும் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது. "இதோட இருபத்தி நாலு."

இருபத்தி நாலு! எனக்கு மறுபடியும் சந்தேகப் புத்தி விழித்துக்கொண்டது. நஸ்ரு இல்லையென்றால் வேறு யாரோ. "எப்படி பாய் கிழியுது? வேலு மிஷின்ல கவனமில்லாம விடறானா?"

"மிஷினு இல்ல டீச்சர். மிஷின்ல மாட்டினா நீட்டுக்கும் போவும். இது மோதிரம்." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எல்லாமே ஒரே மாரி கிழிசல், எல்லாமே முந்தானையாண்ட. துணியைக் கையால தடவற எடம் பாருங்க. உங்க கடையில யாரோ முனை உடைஞ்ச மோதிரத்தைப் போட்டுக்கினு சேலையைத் தடவறாங்க. யாருன்னு பாத்து டீச்சராண்ட சொல்லுன்னு நஸ்ருகிட்ட நூறு வாட்டி சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேன்றா."

நஸ்ருன்னிசா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வலது கை நடுவிரலில் இருப்பது பிலிப்பின் மோதிரம். ஆஸ்பத்திரியில் அவர் விரலிலிருந்து கழற்றி ஒரு நர்ஸ் என் உள்ளங்கையில் வைத்தது. மேலே சின்னச் சிலுவை. அதன் ஒரு முனை என்றோ மிஷினில் பட்டு உடைந்துபோயிருந்தது. அன்று போட்டவள், ஏழு வருடமாகக் கழற்றவில்லை. அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, இடது கையால் டீயை எடுத்தேன். பாய் பார்த்தாரா என்று தெரியாது. ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். "ஏன் நஸ்ரு சொல்லலை?"

"இன்னான்னு சொல்றது டீச்சர்? சார் மோதிரத்தைக் கழட்டிடுங்கன்னா? மொத வருஷம் அதைத் தடவிக்கினே உக்காந்துனு இருப்பீங்க. எனக்கு வாய் வரல." இரண்டு படி இறங்கினாள். "அப்பால இவருக்கும் கைக்கு வேலை கெடைச்சுது. அதுவுந்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர்," என்றாள். "பையைத் தொறந்திருக்க வேணாம்."

அன்று ராத்திரி சோப்புத் தண்ணீரில் விரலை ஊறவைத்து மோதிரத்தைக் கழற்றினேன். நன்றாக அழுதேன். பிலிப்புக்காகக் கொஞ்சம், மீதி எல்லாம் எனக்காகத்தான்.

சனிக்கிழமை மாமி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சேலை கிழிந்தது, கிழித்தது நான், ரஃபூ பண்ணியிருக்கிறது. மாமி முந்தானையை மூன்று தரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. நிம்மதியாகப் போவார் என்று நினைத்தேன். "அப்போ, போன தடவை தள்ளிப் போட்டேளே, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காசை வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவேயில்லை.

ஆஸ்வின் ஃபாரம் வாங்க வந்தான். அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொன்னேன். ஐந்து வருடத்தில் பதினெட்டு சேலை, காரணம் உரிமையாளரின் கை.

"டீச்சர், நெசமாவா?" அவன் பேனாவோடு விழித்தான். "இதை எழுதினா பிரீமியம் ஏறும். அதோட, வேலை செய்யும்போது ஆகற சேதம் இந்தப் பாலிசியில வரவே வராது. அதுவும் ஓனரே பண்ணா சான்ஸே இல்ல."

"அதுக்குன்னு தனியா ஒரு கவர் இருக்கா?"

"உங்ககிட்டேர்ந்து உங்க கடையைக் காப்பாத்தறதுக்கா?" அவன் சிரித்தான். "அப்படி ஒண்ணும் எங்ககிட்ட இல்ல டீச்சர்."

அப்படி ஒன்று ஏழு வருடமாக எனக்கு இருந்தது, நான் அதற்கு ஒரு பைசா கட்டவில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. ஃபிடிலிட்டி பக்கத்தை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். நஸ்ருன்னிசா அதைப் பார்த்தாள்.

பாலிசி வந்தது. தி.நகர் சேலைகளும் வந்தன. அந்தக் கடையிலேயே கேட்டு, தறியிலும் மூட்டையிலும் கிழிந்து வருகிற சேலைகளைப் பாய்க்கு வாங்கித் தருகிறேன். இப்போது முந்நூறு ரூபாய் நிஜமாகவே என் கையிலிருந்து போகிறது. ஒவ்வொரு சேலைக்கும் நஸ்ருன்னிசா நோட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். இரண்டாவது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஷட்டரை நானே வந்து திறக்கிறேன்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. பேச்சிலும் இல்லை. "சாப்ட்டீங்களா டீச்சர்?" என்று எப்போதும் போலக் கேட்கிறாள். ஆனால் ஆறு மணிக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். பையின் ஜிப்பைத் திறந்து, டிபன் பாக்ஸையும் பாட்டிலையும் வெளியே எடுத்து வைத்து, பையை என் பக்கம் சாய்த்துக் காட்டுகிறாள்.

"வேணாம் நஸ்ரு," என்று தினமும் சொல்கிறேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

"பாத்துடுங்க டீச்சர்," என்கிறாள். குரலில் கோபமே இல்லை. நான் குனிந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே நிற்கிறாள்.